வடமேற்கு மூலை, ஐந்நூற்று நாற்பது அடி

உ
சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
ஆவணி மாதம், புதன்கிழமை முற்பகல்.

பெங்களூரில் வாசம் செய்யும் அன்பு மைத்துனர் தேவேந்திரன் அவர்களுக்கு, டவுணில் முப்பத்தாறு ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்த உம் அக்காள் கணவர் பிச்சைக்கண்ணு, சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதும் கடிதம் என்னவென்றால்:

நெல்லையப்பர் திருவருளும் காந்திமதி அன்னையின் கடைக்கண் நோக்கும் உமக்கும் உம் இல்லாளுக்கும் மக்களுக்கும் குறைவின்றிக் கிட்டுவனவாக. இங்கே உம் அக்காள் தனலட்சுமி நலம். எங்கள் மகளும் உம் மருமகளுமான முத்துராணி நலம். ஆற்றில் தண்ணீர் நலம். நான் ஒருவன்தான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மருத்துவர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. எனக்கு வந்திருப்பது அச்சம். பதிகம் பாட வாய் திறந்தால் இரண்டாம் அடி மறந்துபோகிறது. தொலைபேசியில் சொல்லலாமே என்று நீர் கேட்பீர். இந்த வீட்டில் முன்னறையில் பேசுவது அடுக்களையில் கேட்கும். அடுக்களையில் கேட்டால் அதற்கு உடனே பதிலும் வரும். ஆகவே எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருக்கிறேன். வரிசை மாறி வந்தால் பக்க எண்ணைப் பார்த்து வாசித்துக்கொள்ளும்.

நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உம் ஊரிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தார் முத்துராணியின் கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். அதற்குள் இணையத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி அழிந்தாக வேண்டும். அழியாவிட்டால் பிள்ளைக்கு வேலையும் கிடைக்காது, எங்கள் குலதெய்வத்தின் கோபத்திலிருந்து எனக்கு விடுதலையும் கிடைக்காது. அது எந்த வரி என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பொறுமையோடு வாசியும்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மட்டும் இக்காலத்தில் எவரும் வேலை தருவதில்லையாம். ஒவ்வொரு மாணவரும் தாமே முழுவதுமாகக் கட்டிய ஒரு வலைத்தளத்தைப் போர்ட்ஃபோலியோ என்று சொல்லிக் காட்ட வேண்டுமாம். அதற்கு ஃபுல்ஸ்டாக் ப்ராஜெக்ட் என்று பெயராம். உமக்கு இது தினமும் உண்ணும் சோறு; எனக்கு விளங்கவில்லை. முத்துராணியிடம் கேட்டேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதற்குப் பின்னால் மறைந்து நின்று வேலை செய்வது ஒன்று, வந்ததையெல்லாம் மறக்காமல் வைத்திருப்பது ஒன்று, ஆக மூன்றையும் ஒருத்தியே கட்டுவது என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தையே மூன்று தொழிலாகப் பிரித்து மூன்று மூர்த்திகளிடம் கொடுத்துத்தானே நடத்துகிறார்கள். இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் மூன்றையும் சேர்த்து வைத்தால் தாங்குமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மறைந்து நின்று வேலை செய்வது எதுவோ அது கொஞ்சம் தெரிந்தது.

கட்டுவதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. எதைக் கட்டுவது என்பதில்தான் சிக்கல். நான்கு தலைப்புகள் எழுதி வைத்திருந்தாள். ஒன்று, அன்றன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல். இதை ஊரில் எல்லாரும் செய்கிறார்களாம், தேர்வு செய்ய வருபவர் கண்டாலே கொட்டாவி விடுவாராம். இரண்டு, அல்வாக் கடைக்கு இணையத்தில் வாங்கும் வசதி. ரத வீதிக் கடைக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டபோது, வாசலில் நிற்கிற கூட்டத்துக்கே கிண்ட முடியவில்லை, இன்னும் கூட்டம் வேண்டாம் தாயி என்று நூறு கிராம் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று, டவுண் பஸ் எப்போது வரும் என்று சொல்லும் தளம். இதை ஓட்டுநரிடம் கேட்டதற்கு, அது தெரிந்தால் எனக்கும் சொல்லும்மா என்றாராம். நான்கு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, மலையை விட்டுக் கீழே இறங்கிப் பல ஊர்களுக்கும் பிரிந்துபோன குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் தளம். இதில்தான் அவளுக்கு மனம் இருந்தது. ஆனால் கேட்கப்போன இடத்தில் ஓர் அம்மாள், எங்கள் முகவரியை ஏன் எழுதுகிறாய், மறுபடியும் எங்கேயாவது போகச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார். அன்று வந்தவள் சாப்பிடவில்லை.

பதினொரு நாள் இப்படியே போயிற்று. காலையில் ஒன்றைத் தொடங்குவாள், விளக்கு வைக்கும் நேரத்தில் அழிப்பாள். "ஒண்ண எடுத்தா மத்த மூணும் ஏன் என்ன விட்டேன்னு கேக்குதுப்பா" என்றாள். அவளுடைய தோழி கிறிஸ்டி, உவரிக் கடற்கரைக்காரி. அவளுக்குத் தலைப்புக் கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் படகில் யார் யார் போயிருக்கிறார்கள், யார் யார் கரை வந்து சேர்ந்தார்கள் என்று காட்டும் தளம். எப்படித் தேர்ந்தாய் அம்மா என்று கேட்டேன். "நான் எங்க தேர்ந்தேன் மாமா. எங்கம்மைக்கு வேணுமாம், செய்யுதேன்" என்றாள். அவளுக்கு அது எளிதாக இருந்தது. இங்கேயோ தலைப்பைப் பதிவு செய்யத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணி கடைசி என்று அறிவிப்பு வந்துவிட்டது. தவறினால் வருகிறவர்கள் முன் நிற்கவே முடியாது. உம் மருமகள் கூந்தலை முடிய மறந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

மனிதர் தெளியமுடியாத இடத்தில் தெய்வத்தைக் கேட்பது நம் முன்னோர் கண்ட வழி. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் இசக்கியம்மன் சன்னதியில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். தலைப்புகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, வாழைச்சருகில் மடித்து, மஞ்சள் நூல் சுற்றி, அம்மன் காலடித் தட்டில் வைப்பது. பூசாரி செல்வமணி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதை அங்கே பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கேற்றியபின்தான் பிரிக்கலாம். வந்தது எதுவோ அது கட்டளை; அதற்கு மேல்முறையீடு கிடையாது. என் திருமணமும் அப்படி முடிவானதுதான். இதை உம் அக்காளிடம் ஆதாரமாகச் சொன்னபோது, "அதுக்கப்புறமுமா அந்தப் பக்கம் போறீங்க" என்று கேட்டாள். அதைப் பொருட்படுத்தாமல் வெள்ளிக்கிழமை முத்துராணியை அழைத்துக்கொண்டு போனேன்.

அன்று ஆடி வெள்ளி. கூட்டம் சொல்லி முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு விவசாயி தம் சீட்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பேசி ஒலித்ததால் வெளியே போய்ச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதே தட்டில் எங்கள் நான்கையும் வைத்தோம். செல்வமணி அரைத் தூக்கத்தில் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அதை அருள் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து எங்களிடம் கொடுத்தார். இன்னொன்றை எடுத்து அந்த விவசாயியிடம் கொடுத்தார். நாங்கள் வீடு வந்து, கால் கழுவி, விளக்கேற்றி, நான் ஒரு பதிகம் முழுவதும் பாடி முடித்து, நூலை அவிழ்த்தேன். சீட்டில் இருந்தது இதுதான்: வடமேற்கு மூலை. வேப்பமரத்துக்கு எட்டு அடி தள்ளி.

தேவேந்திரன், என் தொழிலில் எத்தனையோ சாசனங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. திசை இருக்கிறது, அளவு இருக்கிறது, சர்வே எண் இல்லை. கையெழுத்தும் முத்துராணியுடையதல்ல. உம் அக்காள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவர் சீட்டு மாறி வந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்யச் சொல்லுங்கள் என்றாள். எளிதாகச் சொல்லிவிட்டாள். அம்மன் காலடியிலிருந்து வந்ததை மாறி வந்தது என்று சொல்ல நான் யார்? எனவே வலைத்தளத்தில் வடமேற்கு மூலை எது என்று முத்துராணியிடம் கேட்டேன். மேலே இடப்பக்கம், அங்கே நிறுவனத்தின் முத்திரைப் படத்தைப் போடுவார்கள் என்றாள். வேப்பமரம் எது என்று கேட்டேன். அவள் சீட்டை என் பக்கம் தள்ளிவைத்தாள். விளங்கும் வரையில் அந்த நான்கு தலைப்பில் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் மடிக்கணினியை மூடினாள். அந்த மூடல் சத்தத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கோபமாகக் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

ஞாயிறு மாலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முக்கூடல் பக்கத்துக் கிராமத்து விவசாயி, பெயர் சங்கிலிபூதத்தான். பூசாரியிடம் என் எண்ணை வாங்கி, வீட்டை விசாரித்து வந்திருக்கிறார். கையில் வாழைச்சருகு. இரண்டு இடத்தில் போர் போட்டு இரண்டிலும் தண்ணீர் வராமல் புழுதி பறந்து, மூன்றாவது எந்த மூலையில் என்று அம்மனைக் கேட்கப் போனவர். அவருக்குக் கிடைத்த சீட்டில் டவுண் பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று இருந்திருக்கிறது. அவரும் என்னைப்போலவே பக்திமான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டார்.

"பத்தொம்போது பஸ் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் இறங்குத மூஞ்சியப் பாக்கேன். தண்ணி இருக்குத இடம் தெரிஞ்ச மூஞ்சியா ஒண்ணுகூட இல்ல. அங்கன வயல்ல போர்வண்டிக்காரன் ரெண்டு நாளா நிக்கான். இது உங்க சீட்டுதானா?"

எங்கள் சீட்டுதான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் அவருடையதைத் திருப்பிக் கொடுக்க என் கை நீளவில்லை. கொடுப்பது கட்டளையை மீறுவதாகாதா? அம்மனே வேண்டுமென்று மாற்றிக் கொடுத்திருந்தால்? இதைச் சொன்னதும் அவர் முகமும் வெளுத்துவிட்டது. "எனக்கும் அதாம் பயம். பஸ்ஸுக்கு இன்னும் ஒருநா நிக்கணுமோ என்னமோ" என்றார். இருவரும் இரண்டு சீட்டையும் நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காப்பி கொண்டுவந்த உம் அக்காள், அம்மன் என்ன சர்வேயரா, ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் முத்துராணி வாய் திறந்தாள். என்னிடம் இல்லை, அவரிடம். முதல் போர் எத்தனை அடி போட்டீர்கள் என்று கேட்டாள். அறுநூற்று இருபது என்றார். இடம் யார் பார்த்துச் சொன்னது? உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர். இரண்டாவது? நானூற்று எண்பது, பக்கத்து வயலில் தண்ணீர் வந்ததே என்று அதன் அருகில் போட்டது. பக்கத்து வயலில் எத்தனை அடியில் வந்தது?

"அத எவம் சொல்லுவான் தாயி. எரநூறுன்னு ஒருத்தன் சொல்லுதான், எழுநூறுன்னு ஒருத்தன் சொல்லுதான். புழுதி பறந்தவன் வெக்கப்பட்டு வாயே தொறக்க மாட்டான். ஊர்ல எத்தன ஓட்ட கெடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆளாளுக்குக் குருட்டாம்போக்குல தோண்டுதோம்."

எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார். எழுதி வைத்தால் உங்களுக்கு வேண்டியிருக்குமா என்று கேட்டாள். அவர், "ரெண்டு போருக்கு முன்னால வேண்டியிருந்துச்சு" என்றார்.

பிள்ளை எழுந்துபோய் மடிக்கணினியைத் திறந்தாள். திங்கட்கிழமை மாலை நாலு நாற்பதுக்குத் தலைப்பைப் பதிவு செய்தாள். தாமிரபரணிப் பக்கத்துக் கிராமங்களில் யார் எங்கே எத்தனை அடி தோண்டினார், தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று அவரவரே எழுதி, வரைபடத்தில் எல்லாரும் பார்க்கும் தளம். சங்கிலிபூதத்தானிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன், நகல் எடுத்துக்கொண்டு. அவர் செவ்வாய்க்கிழமை வடமேற்கு மூலையில் வேப்பமரத்துக்கு எட்டு அடி தள்ளிப் போர் போட்டார்.

அதற்கடுத்த மூன்று வாரமும் நான் தூங்கியது குறைவு. எனக்குப் பயம் ஒன்றா இரண்டா? முதல் பயம், யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்பது. முத்துராணியும் கிறிஸ்டியும் போய்க் கேட்டால் விவசாயிகள் சிரித்துவிட்டு மோர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் நானே கூடப் போனேன். பெயர், தகப்பனார் பெயர், வயலின் நான்கெல்லை என்று நான் பத்திரம் எழுதும் தோரணையில் கேட்கத் தொடங்கியதும், எதிரில் இருந்தவர் தம்மையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியிடம்கூடச் சொல்லாத ஆழத்தைச் சொன்னார். நாற்பத்தொரு போர் அப்படிச் சேர்ந்தது. எழுதிய குறிப்பேட்டிலிருந்து தளத்தில் ஏற்றவும் பிழை திருத்தவும் எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். அழிக்க மட்டும் அனுமதி இல்லை. இரண்டாம் பயம், அந்தத் தளம் குடியிருக்கும் சர்வர். இலவசமாகக் கிடைத்தது என்பதால் கால் மணி நேரம் எவரும் வராவிட்டால் உறங்கிவிடுமாம். பிறகு முதலில் வருபவர் அது விழிக்கும் வரை காத்திருக்க வேண்டுமாம். வருகிறவர்கள் காத்திருப்பார்களா? ஆகவே விடிந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அதை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். கோயில் மண்டபத்தில் பதிகம் பாடும்போதும் இடக்கை அதே வேலையாக இருக்கிறது. கூடப் பாடுகிறவர்கள் எனக்குப் பங்குச் சந்தைப் பழக்கம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

மூன்றாம் பயத்துக்கு இப்போது வருகிறேன். அழிய வேண்டும் என்று நான் கேட்ட வரி இதுதான். சங்கிலிபூதத்தானின் வடமேற்கு மூலையில் ஐந்நூற்று நாற்பது அடி போயும் தண்ணீர் வரவில்லை. புழுதிதான். அதைத் தளத்தின் முதல் பதிவாக முத்துராணி ஏற்றியிருக்கிறாள்: சங்கிலிபூதத்தான், வடமேற்கு மூலை, 540 அடி, தண்ணீர் இல்லை. இடம் யார் சொன்னது என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாள். அதில் இசக்கியம்மன் திருவுளச்சீட்டு என்று போட்டிருக்கிறாள். நீரே சொல்லும். அம்மன் காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லை என்று உலகம் முழுவதற்கும் எழுதி வைத்தால் அந்தத் தாய் சும்மா இருப்பாளா? சங்கிலிபூதத்தானிடம் போய், தாங்களாவது இதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கலங்கவே இல்லை. "அம்மன் தோண்டச் சொன்னா, தோண்டுனேன். தண்ணி வரும்னு அவ எப்பம் சொன்னா?" என்றார். நான் அறுபத்துமூன்று வயது வரை படித்ததில் இப்படி ஒரு தெளிவை எந்த உரையிலும் காணவில்லை. ஆனால் அது அவருக்குப் போதுமானதாக இருக்கிறதே தவிர எனக்குப் போதவில்லை.

அறிகுறிகளும் தோன்றத் தொடங்கிவிட்டன. திங்கட்கிழமை பால் திரிந்தது. செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் என் செருப்பில் ஒன்று மட்டும் காணாமல் போயிற்று. இரண்டும் போயிருந்தால் திருட்டு என்று ஆறுதல் கொள்ளலாம். இன்று காலை முத்துராணி, நாளைக்கு அந்த முதல் பதிவைத்தான் திறந்து காட்டப்போகிறேன் என்று சொன்னாள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடு தாயி, மீதி நாற்பதும் இருக்கட்டும் என்று கேட்டேன். அவள் நின்று, பொறுமையாகவே சொன்னாள்: "அத எடுத்தா, மத்த நாப்பதையும் யாருப்பா நம்புவா? வெக்கப்பட்டு மறைச்சவங்க கிட்டப் போயி நாமதான உண்மையச் சொல்லுங்கன்னு கேட்டோம்."

அவள் சொல்வது நியாயம் என்று எனக்கும் தெரிகிறது. நியாயத்தால் பயம் போவதில்லையே. நீர் அந்தத் துறையில் பதினான்கு ஆண்டு பழுத்தவர். தாய்மாமன் சொல்லுக்கு நம் வழக்கத்தில் தகப்பன் சொல்லைவிட எடை உண்டு. அவளோடு பேசி அந்த வரியை எடுக்கச் செய்யும். இசையாவிட்டால் பெங்களூரில் இருந்தபடியே அதை அழிக்க உம்மிடம் ஏதேனும் வழி இருக்கும். அது தர்மமா என்று கேட்காதீர். நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உம் இல்லாளுக்கு என் அன்பையும், பிள்ளைகள் இருவருக்கும் ஆசியையும் தெரிவியும். தாமிரபரணித் தாய் உம் குடும்பத்தைத் தழைக்கச் செய்வாளாக. எழுத்துப் பிழையும் சொற்பிழையும் இருந்தால் நடுக்கத்தின் பிழை என்று பொறுத்தருளும்.

இங்ஙனம்,
சம்மதித்துக் கையொப்பமிடும்
பிச்சைக்கண்ணு

பின்குறிப்பு (வியாழக்கிழமை மாலை): மேலே எழுதியவை அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடும். பக்கங்களை நேற்று உமக்கு அனுப்பவே இல்லை, இப்போதுதான் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். நேற்று எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டு. நீர் அலுவலகத்தில் இருப்பீர், பார்க்கத் தாமதமாகும் என்ற பயம் வந்தது. அழிக்கத்தானே எனக்கு அனுமதி இல்லை, திருத்த உண்டே என்று தோன்றியது. அந்தப் பதிவில் தண்ணீர் இல்லை என்று இருந்ததைத் தண்ணீர் உண்டு என்று நானே மாற்றிவிட்டேன். என் தொழிலில் நான் எழுதிய முதல் பொய்ப் பத்திரம் இது. அம்மன் மானம் தப்பியது என்று நேற்று நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை பத்து மணி தாண்டியதும் ஓர் அழைப்பு. சங்கிலிபூதத்தானுக்கு அடுத்த வயல் பெருமாள்ராஜ் என்பவருடையது. அவர் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். தளத்தைப் பார்த்தாராம். அந்த வேப்பமரத்துக்கு அடுத்த பக்கம் போர் போட வண்டியை வரச் சொல்லிவிட்டாராம். உண்மையை எழுதி வைத்ததற்கு எனக்கு நன்றி சொல்ல, ஊரில் என் எண்ணை வாங்கி அழைத்தாராம். தேவேந்திரன், அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற நிலை எதிரிக்கும் வரவேண்டாம். அது பொய் வே, நான்தான் எழுதினேன், வண்டியை நிறுத்தும் என்றேன். அந்தப் பக்கம் அவர் வேறொரு கைப்பேசியில் வண்டிக்காரரை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு, "நீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

உடனே பக்கத்தைத் திறந்து மறுபடியும் இல்லை என்று மாற்றினேன். மாற்றியபின் கீழே பார்த்தால் சின்ன எழுத்தில் இரண்டு வரி: தண்ணீர் இல்லை என்பதைத் தண்ணீர் உண்டு என மாற்றியவர் பிச்சைக்கண்ணு, புதன், 12.10. தண்ணீர் உண்டு என்பதைத் தண்ணீர் இல்லை என மாற்றியவர் பிச்சைக்கண்ணு, வியாழன், 10.20. யார் எதைத் திருத்தினாலும் அது இப்படித் தானே எழுதிக்கொள்ளுமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பத்து இருபதுக்கு முத்துராணி எங்கே இருந்தாள்? நிறுவனத்தார் நால்வர் முன்னிலையில், சுவரில் அதே பதிவைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு நின்றாள். யாராவது பொய் எழுதினால் என்ன செய்வாய் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லத் திரும்பியவள் சுவரில் தண்ணீர் உண்டு என்றிருப்பதை அப்போதுதான் கண்டிருக்கிறாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். இல்லை என்று மாறி, கீழே இரண்டு வரியும் வந்து நின்றன. யார் இந்தப் பிச்சைக்கண்ணு என்று கேட்டார்களாம். எங்கப்பா என்றாளாம். ஏன் மாற்றினார் என்றதற்கு, அம்மனுக்குப் பயந்திருப்பார் என்றாளாம். பின் ஏன் திரும்ப மாற்றினார் என்றதற்கு, இன்னொருத்தர் தோண்டிவிடக் கூடாது என்று இருக்கும் என்றாளாம். அதற்குப்பின் அவர்கள் வேறு கேள்வியே கேட்கவில்லையாம். மூன்று மணிக்குப் பெயர்ப் பட்டியல் வந்தது. முத்துராணியின் பெயர் இருக்கிறது. கிறிஸ்டியின் பெயரும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவள் என் எதிரில் உட்கார்ந்து, "நீங்க பொய் எழுதலன்னா அவங்க கேட்டதுக்குக் காட்ட எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுப்பா" என்றாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அந்த இரண்டு வரியையாவது எடுத்துவிடுகிறாயா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

ஆகவே நீர் எதையும் அழிக்க வேண்டாம், அவளிடம் எதுவும் பேசவும் வேண்டாம். எனக்கு ஒரே ஓர் உதவி செய்யும். வந்த நால்வரில் எவரேனும் திருநெல்வேலிக்காரரா என்று பைய விசாரித்து எழுதும். ஆம் என்றால், நான் கொஞ்ச நாளைக்குச் சன்னதித் தெருப் பக்கம் நடமாடாமல் இருந்துகொள்கிறேன்.